வரிசையில் நிற்கும் வயது

கல்லூரியில் எனக்குப் பக்கத்து பெஞ்ச் அவன். பி.காம். மூன்று வருடமும் அக்கவுன்டன்சி பேப்பரை நான் அவனைப் பார்த்துத்தான் எழுதினேன். அவன் வங்கி அதிகாரி ஆனான். நான் பத்திரிகைக்கு வந்துவிட்டேன். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாதவர்கள் வேறு எங்கே போவார்கள்?

2021-இல் ஒருநாள் ராத்திரி போன் பண்ணினான். “மச்சான், வேலையை விட்டுட்டேன்டா. கனடா போறோம்.”

வங்கி வேலை, பென்ஷன், வளசரவாக்கத்தில் லோன் முடிந்த ஃப்ளாட். இதையெல்லாம் விட்டுவிட்டு நாற்பது வயதில் யாராவது குளிர் தேசத்துக்குப் போவார்களா? கேட்டேன்.

“பையனுக்காகத்தான். அங்க கவர்மென்ட்டே தெரபி குடுக்குதாம்.”

பையனுக்கு அப்போது ஐந்து வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். பேச்சு வரவில்லை. தாகம் எடுத்தால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஃப்ரிட்ஜ் முன்னால் நிறுத்துவான். அம்மா பாட்டிலை எடுத்தால் சரி. எடுக்காமல் “என்னடா வேணும், சொல்லு” என்றால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். ஒரு தம்ளர் தண்ணீருக்காக ஒரு குழந்தை தன் நெற்றியில் ரத்தம் வர வைத்துக்கொள்வதை நான் அவர்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு எனக்குக் கொடுத்த காபி இறங்கவில்லை.

இதெல்லாம் நம் வீட்டு விஷயம் இல்லையே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் அபார்ட்மென்ட்டில் லிஃப்டுக்காக நிற்கும்போது, யாரையும் பார்க்காமல் கையை உதறிக்கொண்டு நிற்கிற ஒரு குழந்தையும், ‘யாரும் ஒன்றும் கேட்டுவிடக் கூடாதே’ என்ற முகத்தோடு நிற்கிற ஒரு அம்மாவும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுடைய கணக்கு வழக்கு பற்றியது.

* * *

முதலில் அந்தத் தெரபி என்ன என்று பார்த்துவிடுவோம். மாத்திரையோ ஊசியோ அல்ல. நமக்குத் தானாக வந்துவிடுகிற ஒரு காரியத்தைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, ஒவ்வொரு படியாக, நூறு தடவை, இருநூறு தடவை சொல்லிக்கொடுப்பது. தண்ணீர் வேண்டுமா? முதலில் பாட்டிலைப் பார்க்க வேண்டும். அப்புறம் விரலால் சுட்ட வேண்டும். சுட்டினால் உடனே தண்ணீர், கூடவே ஒரு கைதட்டல். அப்புறம் பாட்டில் படம் போட்ட அட்டையை எடுத்து நீட்ட வேண்டும். முடிந்தால் ‘த’ என்று ஒரு சத்தம். நமக்கு அரை நொடி வேலை. அந்தக் குழந்தைக்கு ஆறு மாத சிலபஸ்.

இதற்கு ‘அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ்’ என்று பெயர். சுருக்கமாக ஏபிஏ. இதைப் பிரபலமாக்கியவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஐவார் லோவாஸ். 1987-இல் அவர் ஒரு ஆய்வு வெளியிட்டார். 19 சின்னக் குழந்தைகள், வாரத்துக்கு 40 மணி நேரம், இரண்டு வருடம், சில பேருக்கு அதற்கும் மேல். முடிவில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் மற்ற குழந்தைகளோடு படிக்கும் நிலைக்கு வந்தார்கள் என்றார். உலகம் முழுக்கப் பெற்றோர்கள் பிடித்துக்கொண்டது இந்த 9-ஐ. அரசாங்கங்கள் பயந்தது அந்த 40-ஐப் பார்த்து.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த ஆய்வின் முறையில் ஓட்டை இருக்கிறது என்று நிபுணர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. அதைவிட மோசம், லோவாஸின் ஆரம்ப காலத்தில் அதட்டலும் அடியும்கூடப் பாடத்திட்டத்தில் இருந்தன. ஆட்டிசம் உள்ள பெரியவர்களிலேயே பலர், ‘எங்களை வேறு ஆளாக மாற்றுவதற்குப் பெயர் சிகிச்சையா?’ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இன்றைக்கு நல்ல இடங்களில் அடி கிடையாது, 40 மணி நேரம் என்ற வெறியும் குறைந்திருக்கிறது. விளையாட்டோடு விளையாட்டாகச் சொல்லித்தருகிறார்கள். ஆனால் இரண்டு விஷயம் மாறவில்லை. ஒன்று, சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும். இரண்டு, மணிக்கணக்கில், மாதக்கணக்கில், விடாமல் செய்ய வேண்டும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் குறை சொல்லப்போகிற எல்லாத் திட்டங்களும் கோட்டை விடுவது இந்த இரண்டில்தான்.

* * *

என் நண்பன் போனது ஒன்டாரியோ மாகாணத்துக்கு. டொரன்டோ, ஸ்கார்பரோ எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. லட்சக்கணக்கில் நம் தமிழர்கள், பெரும்பாலும் ஈழத்திலிருந்து போனவர்கள், வாழ்கிற ஊர். சரவணா என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். ஆட்டிசம் தெரபிக்கு என்றே அரசு நிதி ஒதுக்குகிற மாகாணமும்கூட. கேள்விப்பட்டது பொய்யில்லை.

அவனிடம் யாரும் சொல்லாமல் விட்டது அங்கே இருக்கிற வரிசையை.

2019 பிப்ரவரியில் அந்த மாகாண அரசே ஒரு கணக்குச் சொன்னது. 8,400 குழந்தைகளுக்குத் தெரபி கிடைக்கிறது. 23,000 குழந்தைகள் வெளியே வரிசையில் நிற்கிறார்கள். அதாவது நாலு பேரில் ஒருவர் உள்ளே, மூன்று பேர் வாசலில். அப்போதைய அமைச்சர் லிசா மெக்லியோட் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லோருக்கும் பணத்தைப் பிரித்துக் கொடுத்துவிடலாம், 18 மாதத்தில் வரிசையே இருக்காது என்றார். ஆறு வயது வரை வருடத்துக்கு அதிகபட்சம் 20,000 டாலர். அதற்கப்புறம் 18 வயது வரை வருடத்துக்கு 5,000. மொத்தமாக ஒரு குழந்தைக்கு 1,40,000 டாலருக்கு மேல் கிடையாது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே தீவிரமான தெரபி தேவைப்படுகிற குழந்தைக்கு வருடச் செலவு 80,000 டாலர் வரை போகும். மெடிக்கல் ஷாப்பில் ஒருத்தருக்கு எழுதிய ஆன்டிபயாடிக் அட்டையைக் கத்தரியால் வெட்டி, ‘பாவம், எல்லோரும் நிற்கிறீர்கள்’ என்று நாலு பேருக்கு ஆளுக்கு இரண்டு மாத்திரை கொடுப்பது போல. வரிசை காலியாகும். காய்ச்சல்?

பெற்றோர்கள் சும்மா இருக்கவில்லை. அடுத்த மாதமே ஆயிரக்கணக்கில் சட்டசபைக்கு முன்னால் கூடிவிட்டார்கள். அரசு இறங்கி வந்தது. ஒதுக்கீட்டை இரண்டு மடங்காக்கி 60 கோடி டாலர் என்றது. அந்த வருடம் ஜூனில் அமைச்சரின் இலாகா மாறியது. வயதைப் பார்த்துப் பணம் என்பதை விட்டுவிட்டுத் தேவையைப் பார்த்துப் பணம் என்று 2021-இல் புதுத் திட்டம் வந்தது. இதில் அதிகத் தேவை உள்ள சின்னக் குழந்தைக்கு வருடம் 65,000 டாலர் வரைகூடக் கிடைக்கும்.

நல்ல முடிவு போலத் தெரிகிறதா? பி.காம். படித்தவனுக்கு இங்கேதான் மூக்கு வியர்க்கும். அந்த மாகாணத்தில் அரசின் கணக்கை அரசுக்கு அஞ்சாமல் பார்த்துச் சொல்ல ஒரு நிதிப் பொறுப்பு அலுவலகம் இருக்கிறது. அது 2020-இல் கணக்குப் போட்டது. முன்பு கொடுத்த அதே தரத்தில் வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் தெரபி தர வருடத்துக்குச் சுமார் 135 கோடி டாலர் வேண்டும். அப்போது கையில் இருந்தது 60. பாதிகூட இல்லை. பந்தி பெரிசு, இலையும் பெரிசு, பானை மட்டும் சின்னது. உட்கார்ந்தவனுக்கு வயிறார விழும். மற்றவர்கள் அடுத்த பந்திக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருந்தார்கள். 2024-இல் வரிசை 60,000 பேரைத் தாண்டிவிட்டது.

என் நண்பன் அந்த 60,000-இல் ஒருவன். 2021 கடைசியில் போய்ப் பதிவு செய்தான். வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஒரு தடவை கொடுத்த தற்காலிக உதவித்தொகைக்குத் தேதி முடிந்துவிட்டிருந்தது. சின்னக் குழந்தைகளுக்கு என்று இருந்த சில மாத வகுப்புகளுக்கு வயது தாண்டிவிட்டிருந்தது. ஐந்து வயதில் போனவனுக்கு இப்போது ஒன்பது. இன்னும் கூப்பிடவில்லை.

“நம்ம ஊர் ரேஷன் கடையில நின்னா மண்ணெண்ணெய் தீர்ந்துடும்டா. இங்க நின்னா பையனோட வயசு தீர்ந்துடுது” என்றான்.

* * *

கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். போனார்கள். கனடாவின் இன்னொரு கோடியில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், சில பெற்றோர்கள் சேர்ந்து போட்ட வழக்கு ‘ஆட்டன் வழக்கு’ என்று சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. மற்ற நோய்களுக்கெல்லாம் அரசு செலவு செய்கிறது, எங்கள் குழந்தைக்கு மட்டும் செய்யவில்லை, இது பாரபட்சம் என்றார்கள். அப்போது ஒரு குழந்தைக்கு வருடம் 45,000 முதல் 60,000 டாலர் வரை ஆகிற தெரபி. 2000-இல் விசாரணை நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 2002-இல் மாகாண மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள். 2004 நவம்பரில் கனடா உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஒரு நீதிபதிகூட அவர்கள் பக்கம் இல்லை.

தீர்ப்பின் சாரம் இதுதான். மருத்துவத்துக்குத் தேவையான எல்லாவற்றுக்கும் பணம் தருகிறேன் என்று சட்டம் வாக்குக் கொடுக்கவில்லை. டாக்டரும் ஆஸ்பத்திரியும் தருகிற அடிப்படைச் சேவைகளுக்குத்தான் வாக்கு. மற்றதை எதற்குத் தருவது, எதற்குத் தராமல் விடுவது என்பதைச் சட்டமன்றம் முடிவு செய்யட்டும்.

சட்டப்படி இதில் குற்றம் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் வாக்காளனாக ஒன்று சொல்லலாம் இல்லையா? சட்டமன்றம் முடிவு செய்யட்டும் என்றால், எண்ணிக்கை பலம் உள்ளவர்கள் முடிவு செய்யட்டும் என்று அர்த்தம். பேச்சு வராத மூன்று வயதுக் குழந்தைக்கு என்ன எண்ணிக்கை பலம்? அதற்கு ஓட்டும் கிடையாது, கோஷமும் கிடையாது.

அந்த வழக்கில் எனக்கு மறக்க முடியாத ஒருவர் மிஷெல் டாசன். மான்ட்ரியலில் தபால் ஊழியராக இருந்தவர். அவருக்கே ஆட்டிசம். உச்ச நீதிமன்றத்தில் இடையீட்டு மனு போட்டு, பெற்றோர்களும் அரசும் மட்டும் பேசுகிறீர்களே, ஆட்டிசம் உள்ளவர்களை யாராவது கேட்டீர்களா என்றார். இந்தத் தெரபி இல்லாவிட்டால் இந்தக் குழந்தைகளுக்கு எதிர்காலமே இல்லை என்று பயமுறுத்துவதை அவர் கடுமையாக எதிர்த்தார். பல பெற்றோர்களுக்கு அவர் மேல் கோபம்.

எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. கையை உதறுகிற குழந்தையை உதறாமல் நிறுத்துவதற்காக அரசுப் பணம் செலவாக வேண்டாம். உதறினால் யாருக்கு என்ன நஷ்டம்? பார்க்கிற நமக்குச் சங்கடம், அவ்வளவுதான். ஆனால் தண்ணீர் கேட்கத் தெரியாமல் நெற்றியை உடைத்துக்கொள்கிற குழந்தைக்குக் கேட்கச் சொல்லித்தருவது அவனை வேறு ஆளாக மாற்றுவது ஆகாது. அவன் சொல்ல நினைப்பதை நமக்குப் புரியவைப்பது. எது தெரபி, எது அடக்குமுறை என்று பிரித்துப் பார்க்க ஆட்டிசம் உள்ள பெரியவர்களைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். தரத்தைப் பற்றிய சந்தேகத்தைக் காரணம் காட்டிப் பணத்தை நிறுத்தாதீர்கள். இட்லி சரியில்லை என்றால் சமையல்காரரை மாற்றுவோம். சத்துணவையே நிறுத்துவோமா?

* * *

சரி, கனடாவைத் திட்டியாகிவிட்டது. அவன் எந்த ஊரை விட்டுப் போனானோ, அந்த ஊருக்கு வருவோம்.

நம் அரசுக் கடிதங்களில் ஆட்டிசத்துக்கு ஒரு பெயர் உண்டு. ‘புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்’. மூச்சு வாங்குகிறது அல்லவா? பெயர் வைப்பதில் நாம் பின்வாங்கியதே இல்லை. சட்டம் இயற்றுவதிலும்தான். 1999-இல் நேஷனல் டிரஸ்ட் சட்டம், அதில் ஆட்டிசம் உண்டு. 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதில் சொன்ன 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, மறுவாழ்வுச் சேவைகளை அரசு தர வேண்டும் என்று சொல்கிறது. எப்படி? தன் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு. கனடா உச்ச நீதிமன்றம் பக்கம் பக்கமாக எழுதியதை நாம் ஒரு சொற்றொடரில் முடித்துவிட்டோம்.

திட்டம் இல்லாமல் இல்லை. 2013-இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டம் காகிதத்தில் உண்மையாகவே அழகானது. டாக்டர் குழு வேனில் அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு தடவை, அரசுப் பள்ளிக்கு ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். பார்க்க வேண்டிய 30 கோளாறுகளின் பட்டியலில் ஆட்டிசமும் இருக்கிறது. முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கிய மத்திய அரசின் தேசிய நிறுவனம் ஒன்று இருக்கிறது. நல்ல இடம். ஆனால் தென்காசியிலிருந்து முட்டுக்காடு எத்தனை கிலோமீட்டர் என்று பஸ்ஸில் குழந்தையோடு போகிறவர்களுக்குத்தான் தெரியும்.

மாவட்ட மையம் ஒன்றுக்கு நானே போய்ப் பார்த்தேன். எந்த ஊர் என்று சொன்னால் அங்கே வேலை பார்க்கிற நல்ல பெண்ணுக்கு மெமோ வரும், அதனால் வேண்டாம். சுவரில் டோரா படம். வாசலில் செருப்புகளை எண்ணினேன், பதினேழு ஜோடி. உள்ளே அன்று வந்திருந்த தெரபிஸ்ட் ஒருவர். ஒரு குழந்தைக்கு அரை மணி நேரம் ஒதுக்குகிறார், முகம் சுளிக்காமல். இரண்டு பஸ் மாறி வந்திருந்த ஒரு அம்மாவிடம் அடுத்த தேதி எப்போது என்று கேட்டேன். சீட்டைக் காட்டினார். பதினைந்து நாள் கழித்து. மாதத்துக்கு ஒரு மணி நேரம். லோவாஸ் சொன்னது வாரத்துக்கு நாற்பது.

“வீட்லயும் செய்யணும்னு மேடம் சொல்லிக்குடுத்தாங்க சார். செய்றேன். நான் நூறு நாள் வேலைக்குப் போறதை விட்டுட்டேன்” என்றார்.

இப்போது நகரத்துக்கு வாருங்கள். என் நண்பன் சென்னையில் தனியாரிடம் ஒரு மணி நேரத்துக்கு 600 ரூபாய் கொடுத்தான். நாற்பது மணி நேரம் வேண்டாம், பாதி வைத்துக்கொள்வோம். வாரம் 20 மணி, 52 வாரம். வருடத்துக்கு 6,24,000 ரூபாய். நேஷனல் டிரஸ்ட் 2008-இல் கொண்டுவந்த ‘நிராமயா’ காப்பீட்டில் உச்சவரம்பு வருடத்துக்கு ஒரு லட்சம். ஆஸ்பத்திரி, ஆபரேஷன், மருந்து, தெரபி எல்லாம் சேர்த்து. தெரபிக்கு அதில் ஒரு சிறு பங்குதான். வருமான வரியிலும் சலுகை உண்டு. பழைய வரி முறையில் இருந்தால் 75,000 ரூபாய், கடுமையான பாதிப்பு என்றால் 1,25,000 ரூபாய் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். வருமானம் இருக்கிறவர்களுக்கு. இரண்டு பஸ் மாறி வந்த அந்த அம்மா எந்த வருமானத்தில் கழிப்பார்?

ஒன்டாரியோவை 60,000 பேர் நிற்கிற வரிசைக்காகத் திட்டினேன். நம் ஊரில் தெரபிக்காக எத்தனை குழந்தைகள் காத்திருக்கிறார்கள் என்று ஒரு எண் எந்த அமைச்சராவது படித்துக் கேட்டிருக்கிறீர்களா? அங்கே எதிர்க்கட்சி அந்த எண்ணை வைத்துக்கொண்டு சட்டசபையில் அரசைக் கிழிக்கிறது. பத்திரிகைகள் எழுதுகின்றன. அவமானப்படவாவது அவர்களிடம் ஒரு எண் இருக்கிறது. எண்ணாத வரிசை எந்த அரசையும் உறுத்தாது.

* * *

இதைக் கணக்கு பார்க்கிறவனாக யோசித்தேன். அங்கேயும் சரி, இங்கேயும் சரி, அரசு பணம் கொடுக்காத நாட்களில் செலவு நின்றுவிடுகிறதா? இல்லை. அந்தச் செலவு வேறு யார் பெயருக்கோ மாற்றி எழுதப்படுகிறது. டபுள் என்ட்ரி என்றால் அதுதான். ஒரு பக்கம் அரசுக்கு மிச்சம் என்று எழுதினால், மறுபக்கம் யாருக்கோ பற்று எழுதியாக வேண்டும்.

என் நண்பனின் மனைவி எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி. இங்கே ஒரு லேபில் சீனியர். பையனுக்கு மூன்று வயதானபோது வேலையை விட்டார். கனடாவிலும் போகவில்லை. போனால் பையனை யார் பார்ப்பது? ஆறு வருடம் அவர் வாங்காத சம்பளத்தைக் கூட்டிப் பாருங்கள். மாவட்ட மருத்துவமனை வாசலில் நான் பார்த்த அம்மாவின் நூறு நாள் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பாக்கள் சிலர் விடுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ராஜினாமா கடிதம் பெரும்பாலும் யாருடையது என்று உங்களுக்கே தெரியும். ஆட்டிசம் தெரபிக்கு உலகத்திலேயே அதிகமாக நிதி கொடுப்பது எந்த அரசும் அல்ல. வேலையை விட்ட அம்மாக்கள்தான். பட்ஜெட் உரையில் அவர்கள் பெயர் வராது. தாய்மை என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விடுவோம்.

பெற்றோருக்குப் பயிற்சி கொடுங்கள் என்று இப்போது எல்லா நிபுணர்களும் சொல்கிறார்கள். சரியான யோசனை. குழந்தை தெரபிஸ்ட்டோடு இருப்பதைவிட வீட்டில்தான் அதிக நேரம் இருக்கிறது. ஆனால் பெற்றோருக்குப் பயிற்சி என்பது தெரபிஸ்ட் இல்லாத குறையை மூடுகிற பாயாக ஆகிவிடக் கூடாது. வீட்டுப்பாடம் கொடுக்கலாம். வகுப்பே நடத்தாமல் வீட்டுப்பாடம் மட்டும் கொடுக்கிற பள்ளிக்கூடத்தை என்னவென்று சொல்வது?

இவ்வளவு குறை சொல்கிறாயே, என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். மூன்றே மூன்று.

முதலாவது, எண்ணுங்கள். ஒவ்வொரு மாவட்ட மையமும் மாதா மாதம் வாசலில் ஒரு போர்டு வைக்கட்டும். எத்தனை குழந்தைகள் பதிவு, எத்தனை பேருக்குத் தெரபி, மீதிப் பேர் எத்தனை நாளாகக் காத்திருக்கிறார்கள். இதற்குப் பெரிய நிதி வேண்டாம். ஒரு சாக்பீஸ் போதும்.

இரண்டாவது, ரூபாயில் சொல்லாதீர்கள், மணிக்கணக்கில் சொல்லுங்கள். ‘இத்தனை கோடி ஒதுக்கினோம்’ என்பதைவிட, ‘ஒரு குழந்தைக்கு வாரத்துக்கு இத்தனை மணி நேரம் தந்தோம்’ என்று சொன்னால்தான் அந்த அம்மாவுக்குப் புரியும். ஏமாற்றினாலும் உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவது, தெரபியைக் குழந்தை இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். தாலுகா ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆள், பெரிய அங்கன்வாடிக்கு வாரம் இரண்டு நாள் ஒரு ஆள். அவர்களுக்கு நிரந்தர வேலை, கௌரவமான சம்பளம். தற்காலிக ஒப்பந்தத்தில் இருக்கிற தெரபிஸ்ட் அடுத்த வருடம் வேறு வேலைக்குப் போய்விடுவார். முகம் மாறினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிற குழந்தைகள் இவர்கள்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். கேட்கட்டும். மூன்று வயதில் தண்ணீர் கேட்கச் சொல்லித்தராத குழந்தைக்கு முப்பது வயதில் கூடவே ஒரு ஆள் வேண்டியிருக்கலாம். அந்தச் செலவையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் கேட்கட்டும்.

* * *

போன மாதம் நண்பன் வீடியோ காலில் வந்தான். பின்னால் சமையலறை. பையன் நன்றாக வளர்ந்துவிட்டான், அப்பா தோளுக்கு வருகிறான். வழக்கம்போல என்னைப் பார்க்கவில்லை. ஃப்ரிட்ஜ் பக்கம் போனான். எனக்குப் பழைய ஞாபகம், வயிற்றைப் பிசைந்தது. அவன் அம்மாவின் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டைகளில் ஒன்றைத் தேடிப் பிடித்து நீட்டினான். அம்மா பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். குடித்தான். பாட்டிலை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். மொத்தம் ஒரு நிமிடம் இருக்காது.

“யார்டா சொல்லிக்குடுத்தது? கூப்பிட்டுட்டாங்களா?” என்றேன்.

“எங்க கூப்பிட்டாங்க? இவதான். ரெண்டு வருஷம் ஆச்சு.”

அவர் திரையில் எட்டிப்பார்த்து, “அண்ணா, காபி சாப்டாச்சா?” என்று கேட்டார்.

புற உலகச் சிந்தனை இல்லாதவர்கள் யார் என்று எனக்கு அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்தது.